கான்கார்டைக் கலைத்து டுப்போலெவ்

லெகோ போன்ற கட்டுமான விளையாட்டுப் பெட்டியில் வரும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விமானத்துக்குப் பதிலாக வேறொரு விமானத்தைக் கட்டுவது இன்று தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. விதி ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒரு துண்டுகூட உள்ளே வரக் கூடாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது. துண்டுகள் மிஞ்சினால் பாதகமில்லை, குறையத்தான் கூடாது. பழைய பட்டுச்சேலையில் பேத்திக்குப் பாவாடை தைக்கிறவருக்குக் கத்தரிக்கோலாவது கையில் உண்டு. இங்கே அதற்கும் இடமில்லை.

துண்டுகள் கூடவும் முடியாது, மாறவும் முடியாது என்றால் மாற வேண்டியது கட்டுபவரின் பார்வைதான். ஒரு விமானத்தை அந்த விமானமாகக் காட்டுவது எது? மூக்கின் நீளமா, இறக்கையின் சாய்வா, இயந்திரங்கள் தொங்கும் இடமா? எதைக் கைவிட்டால் ஆள் அடையாளம் தெரியாமல் போகும், எதை விட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது கட்டுபவர் விமானத்தையே படிக்கத் தொடங்கிவிடுகிறார். கையேட்டைப் பார்த்துக் கட்டும்போது இந்தப் படிப்பு கிடைப்பதில்லை.

ஒரே பெட்டியில் பல உருவங்கள் என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தின் லிவர்பூலில் வலுவான ஒரு வடிவம் கிடைத்தது. ஃபிராங்க் ஹார்ன்பி தம் பிள்ளைகளுக்காக உருவாக்கிய, வரிசையாகத் துளையிட்ட உலோகப் பட்டைகளுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அது மெக்கானோ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. எல்லாத் துளைகளுக்கும் இடையே ஒரே இடைவெளி என்பதால், பாலத்துக்குப் பயன்பட்ட பட்டை மறுநாள் பளுதூக்கிக்கும் பயன்படும். 1931இல் அந்த நிறுவனம் விமானங்களுக்கென்றே தனிப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. தகட்டில் வடித்த இறக்கைகளையும் உடற்பகுதிகளையும் திருகாணியில் இணைத்து, ஒற்றை இறக்கை விமானத்தை ஈரிறக்கை விமானமாகவும், அதையே நீரில் இறங்கும் விமானமாகவும் மாற்றலாம். இந்தியப் பிள்ளைகள் பலருக்கு இந்த வகை விளையாட்டு ‘மெக்கானிக்ஸ்’ பெட்டிகள் மூலம் அறிமுகம். அந்தச் சின்னத் திருகுச் சாவியைத் தொலைக்காத வீடு குறைவாகவே இருக்கும்.

லெகோவின் ஊர் டென்மார்க்கின் பில்லுண்ட். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் அங்கே 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவர் மகன் கோட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமே இன்றைய கட்டை. மேலே குமிழ்கள், அடியில் வெற்றுக் குழாய்கள். குமிழ் குழாய்க்கும் சுவருக்கும் இடையே இறுக்கமாக உட்கார்வதால் கட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வேண்டாமென்றால் பிரிந்தும் வருகின்றன. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். நான்குக்கு இரண்டு குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 வகையில் இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டிருக்கிறார். வெறும் ஆறு கட்டைக்கே இவ்வளவு.

மாற்று உருவங்களை நிறுவனமும் தருவதுண்டு. ‘கிரியேட்டர்’ வரிசையின் பல பெட்டிகளில் மூன்று உருவங்களுக்குக் கையேடு இருக்கும். 2017இல் வந்த ‘டெக்னிக்’ வரிசைப் பந்தய ஜெட்டைப் பிரித்துத் தனியார் பயண ஜெட்டாகக் கட்டலாம். ஆனால் நிறுவனம் தொடாத விமானங்கள் ஏராளம். இன்றைய போர்க்கருவிகளை உள்ளபடியே பொம்மையாக்குவதில்லை என்பது அதன் கொள்கை. 2020இல் ஆஸ்ப்ரே என்ற இராணுவப் போக்குவரத்து வானூர்தியின் பெட்டி கடைக்கு வரவிருந்த வேளையில், ஜெர்மனியின் அமைதி இயக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்க, வெளியீடு கைவிடப்பட்டது. சில விமானங்கள் வேறு காரணத்தால் வருவதில்லை: வாங்க ஆளிருக்காது என்ற வணிகக் கணக்கு. சோவியத் நாட்டின் ஒலிமிஞ்சிய பயணிகள் விமானமான டுப்போலெவ் டியு-144 இந்த இரண்டாம் வகையில் வைக்கத்தக்கது. அதைக் கட்ட ஆசைப்படுகிறவருக்கு நல்ல வழி, 2023 செப்டம்பரில் வெளிவந்த கான்கார்டு பெட்டியைக் கலைப்பதுதான்.

இரண்டும் ஒரே காலத்தின் பிள்ளைகள். டியு-144 முதலில் பறந்தது 1968 டிசம்பர் 31 அன்று. பிரான்சும் பிரிட்டனும் சேர்ந்து செய்த கான்கார்டு 1969 மார்ச் 2 அன்று. முந்திக்கொண்ட விமானம் நிலைக்கவில்லை. 1973 ஜூன் 3 அன்று பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஒரு டியு-144 நொறுங்கி விழுந்தது. பயணிகளை ஏற்றிக்கொண்டு மாஸ்கோவுக்கும் அல்மா-அத்தாவுக்கும் இடையே அது பறந்தது 1977 நவம்பர் முதல் 1978 ஜூன் வரைதான். மொத்தம் 55 பயணங்கள். கான்கார்டு 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்தது. ஜெர்மனியின் சின்ஸ்ஹைம் நகரத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் கூரைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே எடுத்த படங்களை விடச் சிறந்த வழிகாட்டி இந்த மாற்றுக் கட்டுமானத்துக்குக் கிடையாது. தனித்தனியே பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டும், சேர்த்துப் பார்க்கும்போதுதான் எங்கெங்கே பிரிகின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

கான்கார்டு பெட்டியில் 2083 துண்டுகள். கட்டி முடித்தால் நீளம் 102 சென்டிமீட்டர், அகலம் 43 சென்டிமீட்டர். உண்மையான கான்கார்டின் நீளம் 61.66 மீட்டர், இறக்கை அகலம் 25.6 மீட்டர். ஆக, பொம்மை ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. டியு-144 இதைவிடப் பெரியது: நீளம் சுமார் 65.5 மீட்டர், அகலம் 28.8 மீட்டர். அதையும் 60இல் ஒரு பங்காகக் கட்டப் போனால் நீளம் 109 சென்டிமீட்டராகும், அகலம் 48 ஆகும். ஏழு சென்டிமீட்டர் உடலுக்கும், இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் இறக்கைக்கும் துண்டு எங்கிருந்து வரும்? பொம்மையை நிறுத்திவைக்கும் தாங்கியைப் பிரித்தால் கொஞ்சம் தேறும். இறக்கைத் தட்டுகள் அதில் தேறாது. தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு இது, கட்டுமானத்தின் தலையெழுத்தும் இதுதான். அளவை 67இல் ஒரு பங்காகக் குறைத்தால் இறக்கை அகலம் அதே 43 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. நீளம் 98 சென்டிமீட்டர், அதாவது மூலப் பொம்மையை விட நான்கு சென்டிமீட்டர் குறைவு. உடற்பகுதியில் மிஞ்சும் துண்டுகள் கான்கார்டில் இல்லாத வேறு உறுப்புகளுக்கு உதவும்.

இன்னொரு நன்மையும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. கான்கார்டில் நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். டியு-144இல் வரிசைக்கு ஐந்து. அதன் உடல் கொஞ்சம் பருமன். லெகோவில் ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். 2.88 மீட்டர் அகலமுள்ள கான்கார்டின் உடல் 60இல் ஒரு பங்காகும்போது 4.8 சென்டிமீட்டர், அதாவது ஆறு குமிழ். அளவைச் சுருக்கிய டியு-144இல் உடலைப் பருமனாக்க வேண்டிய தேவையே எழாது. அதே ஆறு குமிழ் அகலம் இப்போது பெரிய விமானத்தின் உடலாகக் கண்ணுக்குத் தெரியும்.

அளவு முடிவானதும் பிரிப்பும் எண்ணிக்கையும். நிறத்தைப் பார்த்துப் பிரிப்பது கண்ணுக்கு அழகு, வேலைக்கு உதவாது: வெள்ளைக் குவியலில் ஒரு வெள்ளைத் துண்டைத் தேடுவது நரகம். வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பதே சரி. தட்டுகள், ஓரம் சாய்ந்த தட்டுகள், வளைவுகள், கீல்கள், துளைச் சட்டங்கள், அச்சுகள், பல்சக்கரங்கள் என்று கிண்ணம் கிண்ணமாக வைத்துக்கொண்டால் கையே கண்டுபிடித்துவிடும். எண்ணும்போது ஒன்று புரியும். 2083 என்பது ஏமாற்றும் எண். உள்ளே மறையும் இடங்களுக்குப் பளிச்சென்ற நிறங்களில் துண்டு கொடுப்பது லெகோவின் வழக்கம், கட்டுபவர் இடம் மாறிப் பொருத்தாமல் இருக்க. வெளித்தோலுக்கு உதவுபவை வெள்ளைத் துண்டுகள் மட்டுமே. மூலப் பொம்மையில் உள்ளே ஒளிந்திருக்கும் வெள்ளைத் துண்டு ஒவ்வொன்றையும் நிறத்துண்டால் மாற்றி வெளியே மீட்பதில்தான் தேர்ந்த கை தெரியும். வெள்ளையே இங்கே அதிர்ஷ்டம்தான்: டியு-144ம் பெரும்பாலும் வெள்ளை விமானம். இரண்டுக்கும் வெள்ளை அலங்காரத்துக்காக வந்ததல்ல. ஒலியின் இரு மடங்கு வேகத்தில் காற்றின் அழுத்தத்தால் கான்கார்டின் மூக்கு 127 பாகை செல்சியஸ் வரை சூடேறும். வெயிலின் சூடும் சேராமல் தடுக்க ஒளியைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு.

இறக்கைக்கு வரும்போது எதிர்பாராத ஒரு வசதி கிடைக்கிறது. கான்கார்டின் இறக்கை முன்விளிம்பு எஸ் எழுத்துபோல் நெளிந்து ஓடும் வளைவு. நேர்க்கோட்டுத் துண்டுகளால் அந்த நெளிவைக் கொண்டுவரப் பல சாய்வுகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும். டியு-144இன் இறக்கையோ இரட்டை முக்கோணம்: உடலை ஒட்டிய பகுதி 76 பாகை பின்சாய்வு, வெளிப்பகுதி 57 பாகை. இரண்டும் நேர்க்கோடுகள். 76 பாகைப் பின்சாய்வு என்றால் விமானத்தின் நடுக்கோட்டோடு 14 பாகை. நான்கு குமிழ் பின்னே போனால் ஒரு குமிழ் அகலம் கூடும். லெகோவின் ஓரம் சாய்ந்த தட்டுகளில் ஒரு வகைக்குச் சரியாக இதே சாய்வு. சோவியத் பொறியாளர்கள் லெகோவை நினைத்து வரைந்தது போலப் பொருந்துகிறது.

வெளிப்பகுதி அவ்வளவு எளிதல்ல. நடுக்கோட்டோடு 33 பாகை; மூன்று குமிழ் பின்னே போக இரண்டு குமிழ் அகலம். இந்தச் சாய்வுள்ள தட்டைத் தேடுவதைவிட, நேரான விளிம்புள்ள பலகையாக வெளிப்பகுதியைத் தனியே கட்டி, கீலில் மாட்டிச் சாய்த்து வைக்கலாம். கீல் ஒரு புள்ளியில்தான் பிடிக்கும், மறுமுனை ஆடும். இரண்டாவது இடத்திலும் பிடிக்க வேண்டுமானால் குமிழோடு குமிழ் பொருந்தும் கோணம் தேவை. 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணம் அங்கே கைகொடுக்கிறது: பக்கங்கள் முழு எண்கள் என்பதால் சாய்ந்த பலகையும் குமிழ்மீது சரியாக உட்காரும். அதில் கிடைக்கும் பின்சாய்வு 53 பாகை. நான்கு பாகை குறைகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. ஆடும் இறக்கை உடனே தட்டுப்படும். உறுதியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஓரம் சாய்ந்த தட்டுகள் இடம், வலம் என்று சோடியாக வரும். இடத்தட்டைக் குமிழ் கீழே பார்க்கக் கவிழ்த்தால் அது வலத்தட்டின் வடிவமாகிவிடும். எனவே இறக்கையின் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துக் கட்டத் தெரிந்தவருக்குத் தட்டுகளின் எண்ணிக்கை ஒருபக்கம் குறைந்தாலும் சமாளிக்க வழியுண்டு.

உடற்பகுதியின் உருண்டை வடிவத்துக்கும் இப்படிப்பட்ட திருப்பம் ஒன்று தேவை. மெல்லிய தட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6, அதாவது மூன்று தட்டு. ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழின் அகலமும் 16 மில்லிமீட்டர். இந்த ஒரு சமன்பாடு தெரிந்தால், எல் வடிவத் துண்டுகளை வைத்துப் பக்கச் சுவரைப் படுக்கை வாட்டில் கட்டினாலும் இடைவெளி விழாமல் பொருந்தும். குமிழ்கள் வெளியே தெரியாத வழவழப்பான விமான உடல்கள் எல்லாம் இந்தக் கணக்கில் எழுந்தவையே.

டியு-144ஐக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு, விமானி அறைக்குச் சற்றுப் பின்னால் உச்சியில் இருக்கும் இரு குட்டி இறக்கைகள். பறக்கும்போது மடங்கிக்கொள்ளும், ஏறும்போதும் இறங்கும்போதும் விரியும். இவற்றின் வேலையை அறிந்து கட்டுவது வேறு, ஒட்டுறுப்பாகக் கட்டுவது வேறு. இவ்வகை முக்கோண இறக்கை விமானங்களுக்கு வாலில் கிடை இறக்கை கிடையாது. மெதுவாகப் பறந்து இறங்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்மடல்களைக் கீழே சாய்த்தால் விமானத்தின் மூக்கு கவிழும். முன்னால் இரு சிறு இறக்கைகள் மூக்கைத் தூக்கிப் பிடித்தால் பின்மடல்களைத் துணிந்து சாய்க்கலாம், இறங்கும் வேகத்தைக் குறைக்கலாம். கான்கார்டு இந்த உறுப்பு இல்லாமலே, இறக்கையின் நுணுக்கமான வளைவைக் கொண்டு சமாளித்தது. பொம்மையில் ஒவ்வொரு குட்டி இறக்கைக்கும் ஒரு கவ்வியும் ஒரு கம்பித்துண்டும் போதும். விரித்தால் நேரே நீட்டவும், மடக்கினால் உடலோடு ஒட்டிப் படுக்கவும் வேண்டும். அதற்கு உச்சியில் ஒரு தட்டு ஆழத்துக்குப் பள்ளம் விட்டுக் கட்டினால் நன்று.

மூக்கில் பெரிய வேலையில்லை. இரு விமானங்களுக்கும் மூக்கு கீழே சாயும்; விமானிக்கு ஓடுபாதை தெரிய வேறு வழியில்லை. பெட்டியில் உள்ள அந்தக் கீல் அமைப்பு அப்படியே பயன்படும்.

இயந்திரக் கூடுகளில்தான் மூல அமைப்பு தடுக்கிறது. இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு இயந்திரங்கள் இரண்டிலும் உண்டு. ஆனால் டியு-144இல் அவை உடலுக்கு நெருக்கமாக, நீளமாக ஓடுகின்றன. முதல் மாதிரி விமானத்தில் நான்கும் நடுவில் ஒட்டியே இருந்தன. பயணிகள் சேவைக்கு வந்த வடிவத்தில் இரு பிரிவாயின. கூடுகளை உள்ளே நகர்த்தினால் சக்கரக் கால்களும் நகர வேண்டும், ஏனெனில் டியு-144இன் பின்கால்கள் இயந்திரக் கூடுகளுக்குள்ளேதான் மடங்குகின்றன. கான்கார்டு பொம்மையில் சக்கரங்களை இறக்கும் அச்சு, வால் பக்கத்திலிருந்து மூக்கு வரை உடலுக்குள் ஓடுகிறது. அதைத் தொட்டால் பாதி விமானத்தைத் திரும்ப எண்ண வேண்டும். நடு அச்சை அப்படியே விட்டுவிட்டு, பின்கால்களுக்குப் பிரியும் பல்சக்கரங்களை மட்டும் இடம் மாற்றுவதே அறிவுள்ள வழி. சக்கரக் கணக்கு இன்னொரு தலைவலி: கான்கார்டின் பின்கால் ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரம், டியு-144க்கு எட்டு. பெட்டியில் இல்லாத சக்கரத்துக்காக, மிஞ்சும் துண்டுகளில் வட்டமான எதையும் சக்கரமாக்க வேண்டியதுதான். அவை உருளாவிட்டாலும், ஒரு காலில் எட்டு வட்டம் தெரிந்தாலே டியு-144 என்று விவரம் அறிந்தவர் சொல்லிவிடுவார்.

இவ்வளவையும் கையிலேயே கட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி கட்டுவோர் உண்டு. கணினியில் முதலில் கட்டிப் பார்ப்போரும் உண்டு. ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995இல் உருவாக்கிய ‘எல்டிரா’ என்ற மென்பொருள் இதற்கு வழி திறந்தது. அவர் இளம் வயதிலேயே மறைந்த பிறகு ஆர்வலர்கள் அதன் துண்டு நூலகத்தை வளர்த்து வருகிறார்கள். இன்றைய ‘ஸ்டுடியோ’ போன்ற மென்பொருள்களில் பெட்டியின் துண்டுப் பட்டியலை ஏற்றிக்கொண்டால், எந்தத் துண்டு தீர்ந்துபோனது என்பது கட்டக் கட்டத் தெரியும். திரையில் இல்லாத ஒன்று எடை. 98 சென்டிமீட்டர் நீளமுள்ள உடல் நடுவில் தொய்கிறதா, இறக்கை நுனி தாழ்கிறதா என்பதைக் கைதான் சொல்லும். துளைச் சட்டங்களை ஆணிகளால் இணைத்த முதுகெலும்பு உடலுக்குள் ஓட வேண்டும். இறக்கைத் தட்டுகள் ஒரு வரிசையின் மூட்டுமேல் அடுத்த வரிசையின் நடு வரும்படி மாறி மாறிப் படிய வேண்டும். பின்கால்களுக்குப் பின்னால் எடை கூடினால் பொம்மை வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். உண்மையான கான்கார்டில் பறக்கும்போது சமநிலைக்காக எரிபொருளையே முன்னும் பின்னும் தொட்டிக்குத் தொட்டி மாற்றினார்கள். பொம்மையில் மிஞ்சிய கனமான துண்டுகளை விமானி அறைக்குக் கீழே திணித்து வைப்பது அதற்கு ஈடு.

கட்டி முடித்த விமானத்தைக் கவனமாகப் பிரித்துக்கொண்டே ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, படங்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினால் அதுவே கையேடு. அதே பெட்டி வைத்திருக்கும் எவரும் ஒரு துண்டுகூடப் புதிதாக வாங்காமல் அதைப் பார்த்து டியு-144ஐக் கட்டிவிடலாம். ஒட்டுப்படங்களை மட்டும் துண்டுகளில் ஒட்டுமுன் யோசிக்க வேண்டும். இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டிவிட்டால் அவை பிரியாது. தனித்தனியே ஒட்டிய துண்டுகள் எந்த விமானத்துக்கும் திரும்பிப் போகலாம்.